கண்ணுக்குள் நாலு பேர்

எங்க நண்டுமேட்டுக்கு அப்ப கடல் ரெண்டு. ஒண்ணு கெழக்கால கெடக்கு, இன்னைக்கும் போய்ப் பாத்துக்கலாம். இன்னொண்ணு தையல்நாயகியோட வலது கண்ணுல பங்குனியில இருந்து கார்த்திகை வரைக்கும் ஒன்பது மாசம் இருந்துச்சு, அந்தக் கடல்ல எங்க ஊர் ஆளுங்க நாலு பேர் ஒரு படகுல மெதந்துக்கிட்டு இருந்தாங்க, அந்த நாலு பேர்ல ஒருத்தன் நான் பெத்த புள்ள மனோகரன். நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்களுக்கு உக்காத்தி வச்சு வெளக்கஞ்சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. என் பேரு குணவதி, மீன் விக்கிறவ. வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க. இந்த விசயத்துல மட்டும் அந்த வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல நான் தொறக்கல.

படகு போயி மூணு வருசம் ஆயிருந்துச்சு. ஐப்பசி மாசத்துல ஒருநாள் விடியக்காலம் போன பச்சைப் படகு, முன்பக்கம் மஞ்சக்கோடு போட்டது, தையல்நாயகி புருசன் சிங்காரந்தான் அதுக்குத் தண்டல், சுக்கான் புடிச்சு ஓட்டுறவரு, கூட எங்க பஞ்சாயத்துத் தலைவர் ரத்தினவேலோட மகனுங்க ரெண்டு பேரு, அப்புறம் என் புள்ள. போனது போனதுதான். கோடியக்கரை வரைக்கும் தேடுனோம், ஹெலிகாப்டர் வந்துச்சு, சாமியாடி வந்தாரு, ஒரு பலகைகூடக் கெடைக்கல. மூணு மாசம் பொறுத்துட்டு, தலைவரு வைக்கோல்ல நாலு பொம்மை கட்டச் சொன்னாரு, ஒடம்பு இல்லாதவனுக்குப் பொம்மைக்குத்தான கொள்ளி வைக்கணும், மூணு பொம்மை எரிஞ்சுச்சு, நான் மாருல அடிச்சுக்கிட்டு மண்ணுல பொரண்டு அழுதேன், தலைவரு பொண்டாட்டி மூர்ச்சையாயி விழுந்துச்சு, நாலாவது பொம்மைய மட்டும் தையல்நாயகி புடுங்கிக்கிட்டுப் போயி மாட்டுக்குப் போட்டுட்டா.

"கடல்ல இருக்குற ஆளுக்கு அழுதா, அழுத நிமிசத்துல இருந்து அவன் செத்தவன்க்கா. நான் அழமாட்டேன்"னா. சொன்னபடி அழல. ஒரு சொட்டு இல்ல. தாலியோட, பொட்டோட, தெனமும் சாயங்காலம் கரையில நின்னு கையை நெத்தியில வச்சுக்கிட்டு கெழக்கால பாத்துக்கிட்டு நிப்பா. கல்நெஞ்சுக்காரின்னு ஊர் சொல்லுச்சு. மொதல்ல சொன்னது நான்தான், எதுக்கு மறைக்கணும்?

அப்படிப் பாத்துப் பாத்தே அவ எடது கண்ணு போச்சு. ஓரத்துல இருந்து சத்தமில்லாம இருட்டு வந்து, ஒருநாள் முழுசா மூடிக்கிச்சு. வலது கண்ணுலயும் ஓரம் மங்கலாத் தெரியுதுன்னு சொன்னப்பதான் நான் அவளப் புடிச்சு இழுத்துக்கிட்டு டவுன் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஜெய்புன்னிசான்னு ஒரு டாக்டரம்மா, நாகூர்க்காரங்க, மெதுவாப் பேசுறவங்க. நோய்க்குப் பேரு கண் நீர் அழுத்த நோயாம். கண்ணுக்குள்ள ஊறுற நீரு வடிய வழி இல்லாம முட்டிக்கிட்டு நின்னு நரம்பச் சாகடிக்கிறது. போன பார்வை வராது, இருக்குறதக் காப்பாத்தலாம், ஆபரேசன் பண்ணி கண்ணோட மேல் விளிம்புல, இமை மறைக்கிற எடத்துல, சின்னதா ஒரு மதகு வச்சு வுடுறோம்னாங்க.

அட்டையில எழுதிக் குடுத்த நர்ஸு, அந்தப் பொண்ணு மேல குத்தம் இல்ல, எத்தன அட்டைதான் எழுதும், எடம் வுடாம சேத்து எழுதிருச்சு. எட்டாங்கிளாஸ் படிச்சவன்னு பெருமை எனக்கு. திரும்பி வர்ற பஸ்ஸுல கூடைக்காரிங்க பத்துப்பேருக்கு முன்னால சத்தமா வாசிச்சேன்: "கண்ணீர் அழுத்த நோய்."

"பாத்தியாடி! அழுவாம அழுத்தி வச்சா வர்ற நோயாம்! டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க!" பஸ்ஸு நண்டுமேட்டுக்கு வர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. தையல்நாயகி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "வியாதிக்குப் பேரு வைக்கிறவன் எவன்னு தெரிஞ்சா அவன் மூக்க அறுப்பேன்"னா. அடுத்த தடவ போனப்ப டாக்டரம்மா சிரிச்சிக்கிட்டு, "அது வேற தண்ணி, இது வேற தண்ணிம்மா. கண்ணுக்குள்ள ஊறுறது கண்ணீரா வெளிய வராது"ன்னு படம் போட்டுக் காட்டுனாங்க. யாரு கேக்குறா? ஒருதடவ வாசிச்சது வாசிச்சதுதான்.

ஆபரேசன் முடிஞ்சு மூணாவது செவ்வாக்கெழமை. தையல்நாயகி கண்ணு பாக்குற மெஷின் முன்னால தாடைய வச்சு, நெத்தியப் பட்டையில ஒட்டிக்கிட்டு உக்காந்துருக்கா, டாக்டரம்மா அந்தப் பக்கம் இருந்து கீத்துக் கீத்தா வெளிச்சத்தக் கண்ணுக்குள்ள வுட்டு, குழாயில கண்ண வச்சுப் பாக்குறாங்க, பாக்குறாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க. கடைசியில தலையத் தூக்காமலே, "உங்க ஊர்ல காணாம போன படகு என்ன கலரும்மா?"ன்னு கேட்டாங்க. பச்சைன்னேன். "முன்னால மஞ்சக்கோடு?" ஆமான்னேன். அவங்க பேனாவ எடுத்து நோட்டுல எழுதுனாங்க, எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க: 'அழுத்தம் பதினாலு. தையல் நல்லா ஆறியிருக்கு. கருவிழிக்குப் பின்னாடி படகு ஒண்ணு, ஆள் நாலு, இஞ்சின் ஓடல. சொட்டு மருந்தைத் தொடரவும்.' எழுதிட்டு எந்திரிச்சு எனக்கு எடங்குடுத்தாங்க.

நான் பாத்தேன். ஆத்தாடி, கடலு! அவ கருவிழியில பாதி அளவுகூட இல்ல, ஆனா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் தண்ணி, நடுவுல படகு, பின்னால சிங்காரம் சுக்கானப் புடிச்சுக்கிட்டு நேரா என்னயப் பாத்து நிக்கிறாரு, தாடி மாருவரைக்கும் வளந்து கெடக்கு. மத்த மூணுபேரும் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துருக்காங்க. நடு முதுகு என் புள்ளையோடது. வலது தோள்ல சுறா கிழிச்ச தழும்பு, நான்தான மஞ்சப்பத்துப் போட்டேன், எனக்குத் தெரியாதா? "மனோகரா, டேய், திரும்புடா"ன்னு மெஷினுக்குள்ள கத்துனேன். திரும்பல.

"என்னக்கா? என்னக்கா தெரியுது?"ன்னா தையல்நாயகி. சொன்னோம். அவ "எங்க, நானும் பாக்குறேன்"னா.

அதுக்குத்தான் வழியில்ல. கண்ணாடி காட்டுனோம், அதுல வெறுங் கண்ணுதான் தெரிஞ்சுச்சு. செல்லுல போட்டோ எடுத்தோம், அதுலயும் கண்ணுதான். ஊர் ஒலகமெல்லாம் பாக்கலாம், அவ மட்டும் அவ கண்ணுக்குள்ள பாக்க முடியாது. கல்யாணத்தன்னைக்கு சிங்காரம் எல்லார் முன்னாலயும், "தையல கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவேன்"னு சொன்னாரு. யாரு யார வச்சுக்கிட்டாங்க பாருங்க.

ஊருன்னா ஊருதான், எது வந்தாலும் ரெண்டு நாள் வாயப் பொளக்கும், மூணாம் நாள் அதுக்கு ஒரு கட்டுப்பாடு போடும். தலைவரு ரத்தினவேலு டவுன்ல மூடிப்போன கண்ணாடிக்கடையில கெடந்த பழைய மெஷின் ஒண்ண வண்டியில ஏத்திக் கொண்டாந்து புயல் பாதுகாப்புக் கட்டடத்துல எறக்குனாரு. அன்னைக்குச் சாயங்காலமே மைக்குல சொன்னாங்க: "இதனால நண்டுமேட்டு ஜனங்களுக்குப் பஞ்சாயத்தார் தெரிவிக்கிறது என்னன்னா, சிங்காரம் பொஞ்சாதி தையல்நாயகியோட வலது கண்ணு இன்னையில இருந்து ஊருக்குப் பொது. அந்தம்மா அழுதா தண்ணியோட படகும் வெளிய போயிரும்கிறதால, அந்தம்மா அழக்கூடாது. அந்தம்மாவ யாரும் அழ வைக்கக்கூடாது. அவங்க தெருவுல வெங்காயம் அரியக்கூடாது, மொளகா வறுக்கக்கூடாது, சாவு மேளம் அடிக்கக்கூடாது, டிவியில நாடகம் சத்தமா வைக்கக்கூடாது. மீறுனா ஊரவிட்டுத் தள்ளி வைக்கப்படும்." மூணு வருசமா ஏண்டி அழலன்னு வஞ்ச ஊரு, ஒரே நாள்ல அழுதா தொலைச்சுப்புடுவேன்னு சொல்லுச்சு. டாக்டரம்மா அது வேற தண்ணின்னு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல.

அதுக்கப்புறம் பாத்துக்கங்க. காலையில மீன் ஏலம் முடிஞ்சதும் வரிசை நிக்கும். தையல்நாயகிய உக்கார வச்சு, தாடைய வச்சு, லைட்டப் போட்டு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாப்பாங்க. தலைவரு அவரு மகனுங்க முதுகப் பாத்து, "எளச்சுட்டானுங்க"ம்பாரு. அவரு பொண்டாட்டி சோத்து உருண்டைய மெஷினுக்கு நேராக் காட்டும். பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க, எங்கூட்டுப் படகும் அந்தப் பக்கமா எங்கயாச்சும் தெரியுதா, வெள்ளைப் படகு, பேரு எழுதியிருக்கும்னு கேட்டு, பாத்துட்டு, இல்லன்னு தெரிஞ்சு, வெளிய போயி அழுவாங்க, உள்ள அழக்கூடாதுல்ல. கண்ணு அழுத்தம் ஏறுனா அங்க அலை ஏறும், எறங்குனா கடல் படுத்துக்கும். அதனால பொம்பளைங்க முறை வச்சுக்கிட்டு அவளுக்குச் சொட்டு மருந்து வுட்டாங்க. ஏலக்கூடத்துப் பலகையில காத்து வேகத்துக்குக் கீழ தையல்நாயகி கண்ணோட அழுத்த நம்பரையும் மெஷின்லயே அளந்து எழுதுனாங்க. "இன்னைக்குக் கண்ணு எத்தனைப்பா?" "பதினெட்டு." "அப்ப பரவால்ல"ன்னுட்டு வலையத் தூக்கிக்கிட்டுப் போவாங்க.

ஆனி முடிஞ்சப்ப நம்பரு இருவத்தெட்டு. கண்ணுல வச்ச மதகு தூந்துபோச்சு, புண்ணு ஆறுறப்ப தசை வந்து மூடிருச்சுன்னாங்க டாக்டரம்மா. "ஊசியால ஒரு குத்துக் குத்தி வழி வுட்டா நீர் வடிஞ்சிரும், பார்வை நிக்கும். வுட்டுட்டா கார்த்திகைக்குள்ள இந்தக் கண்ணும் போயிரும். இருக்குறது இந்த ஒரு கண்ணுதாம்மா." தண்ணி வடிஞ்சா படகு என்னாவும்னு தலைவரு கேட்டாரு. அவங்க கொஞ்சம் யோசிச்சு, "எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க, எனக்குத் தெரியாது"ன்னாங்க.

பஞ்சாயத்துக் கூடுச்சு. தலைவரு துண்டால வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துருந்தாரு, கெட்டவரு இல்ல, ரெண்டையும் பறிகுடுத்த மனுசன். "தண்ணி வடிஞ்சா படகு தரை தட்டிரும், இல்லன்னா தண்ணியோட போயிரும். நான் ஒருதடவ கொள்ளி வச்சாச்சு, இன்னொரு தடவ என்னால ஆவாது. குணவதி, அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவ நீ, ஒன் புள்ளையும் அதுல இருக்கான், நீ என்ன சொல்றியோ அதுதான்"னாரு. ஊரே என்னயப் பாத்துச்சு. தையல்நாயகியும் பாத்தா, மிச்சமிருந்த அந்தக் கண்ணால.

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என் புள்ள மொகம். நாம கொள்ளி வச்சு அழுது முடிச்சிட்டோம், அந்தக் கோவத்துலதான் மூணு பேரும் முதுகக் காட்டுறானுங்க, அழாதவ புருசன் மட்டும் மொகங்காட்டுறாருன்னு ஊரு பேசுச்சு, எனக்கு அது நெஞ்சுல முள்ளாத் தச்சிருந்துச்சு. "அவன் ஒருதடவ திரும்பட்டும். மொகத்தப் பாத்துக்குறேன். அப்புறம் குத்திக்கட்டும்"னேன். தையல்நாயகி தலையக் குனிஞ்சுக்கிட்டு, "சரிக்கா"ன்னா. அந்த ஒருதடவ ஆடியில வரல, ஆவணியில வரல, புரட்டாசி ஐப்பசியிலயும் வரல.

நம்பரு முப்பத்தஞ்சு ஆச்சு, நாப்பது ஆச்சு. அவளுக்குத் தலை பொளக்கும், வாந்தி வரும், சுவத்துல இடிச்சுக்குவா, வாசப்படி தெரியாம விழுவா. கரையில நின்னு கடலப் பாத்தா மூங்கில் குழாய் வழியா பாக்குறாப்புல கொஞ்சூண்டு தெரியுதுன்னுவா. நானும் தெனம் காலையில போயி வரிசையில நின்னு அவ கண்ணுக்குள்ள லைட்ட அடிச்சு என் புள்ள முதுகப் பாத்துட்டு வருவேன். வெக்கங்கெட்டவ நான். ஒருநாள் பாத்துட்டு எந்திரிக்கிறப்ப அவ என் கையப் புடிச்சா.

"அக்கா, குத்தச் சொல்லிக் கேக்கலக்கா. அந்த ஆளு எப்படி இருக்காருன்னு மட்டும் சொல்லு. யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்க, அவங்க அவங்க ஆளப் பாத்துட்டுப் போயிடுறாங்க."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எட்டு மாசமா ஒருநாளும் நான் சிங்காரத்த உத்துப் பாத்ததில்ல. "நல்லா இருக்காரு, சுக்கானப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஒன்னயத்தான் பாக்குறாரு"ன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். அவ மொகம் மலந்துச்சு.

கார்த்திகையில ஒரு காலை, அடைமழை, கடலுக்கு யாரும் போகல, பலகையில நாப்பத்தாறுன்னு எழுதியிருந்துச்சு. கூட்டமும் இல்ல, கட்டடத்துக்குள்ள நானும் அவளும்தான். லைட்டப் போட்டுக் குழாயில கண்ண வச்சேன். அலை மலை மலையா வந்துச்சு, முதுகு மூணும் குனிஞ்சு தண்ணிய எறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பப் பாத்துக் கரண்டு போச்சு. மெஷின் லைட்டு அணஞ்சுது. நான் கண்ண எடுக்கல. சன்னல் வெளிச்சத்துல மங்கலா எல்லாந் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சப்ப, முதுகு மூணும் நிமிந்துச்சு. நடுவுல இருந்தவன் மெதுவாத் திரும்புனான். மனோகரன். கன்னம் ஒட்டி, ஒதடு வெடிச்சு, ஆனா அவந்தான். என்னய நேராப் பாத்தான்.

"தம்பி"ன்னேன். அவ்வளவுதான், கரண்டு வந்துருச்சு. லைட்டு பளீர்னு அடிச்சுது. என் புள்ள துடிச்சுப் போயி ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டு முதுகத் திருப்பிக்கிட்டான்.

அவனுங்க கோவிச்சுக்கல. கொள்ளி வச்சதும் இல்ல, அழுததும் இல்ல. லைட்டு. நாங்க அடிச்ச லைட்டு, ஒன்பது மாசமா, தெனமும், ஊரே வரிசையில நின்னு அவனுங்க மூஞ்சியில அடிச்ச லைட்டு. அப்பதான் நான் சிங்காரத்தப் பாத்தேன், முழுசாப் பாத்தேன். அவரு தண்டலு. வெளிச்சத்தப் பாத்தா கரைன்னு நெனச்சு அதுக்கு நேராச் சுக்கானப் புடிக்கிறவரு, மத்தவன் கண்ண மூடலாம், தண்டல் மூட முடியுமா? மூடாமப் பாத்துக்கிட்டே நின்னுருக்காரு. அவரு கண்ணு ரெண்டும் வெந்த மீன் கண்ணு மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு.

சுவிட்ச அமுக்கி லைட்ட அணைச்சேன். அவகிட்ட சொன்னேன், ஒண்ணு வுடாம சொன்னேன், அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னும் சொன்னேன்.

"அவருக்குக் கண்ணு தெரியலயாக்கா?"

"தெரியல தங்கச்சி."

"வெளிச்சத்தக் காட்டி வா வான்னு கூப்ட்டுக்கிட்டு, நடுக்கடல்லயே நிறுத்தி வச்சிருக்கோம்." அவ தாடைய மெஷின்ல இருந்து எடுத்தா. தாடையில பட்டை அழுந்துன தடம் இருந்துச்சு. "அக்கா, நான் இப்ப அழப்போறேன். ஊர்க்கட்டுப்பாட்ட நீ பாத்துக்க."

நான் போயிக் கதவத் தாப்பாப் போட்டேன். மழையில கொடையோட தலைவரு வர்றது தெரிஞ்சுச்சு. கதவத் தட்டுனாரு, "குணவதி, என்ன நடக்குது? நம்பரு என்ன?"ன்னாரு. "ஒங்க மகனுங்க வூட்டுக்குப் போறானுங்க தலைவரே, தட்டாதீங்க"ன்னேன். அவரு தட்டுறத நிறுத்திட்டாரு. கதவுக்கு அந்தப் பக்கம் படியில உக்காந்தாரு போலருக்கு, மூச்சுச் சத்தம் கேட்டுச்சு.

அவ அழுதா. மூணு வருசத்து அழுகை, எங்க இருந்துதான் வந்துச்சோ, புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு அப்பவும் சொல்லாம, "என் ராசா, என் ராசா"ன்னு அடிவயித்துல இருந்து ஓலம் போட்டு அழுதா. டாக்டரம்மா சொன்ன ரெண்டு தண்ணியும் அன்னைக்கு ஒண்ணாயிருச்சு. வலது கண்ணுல இருந்து கரகரன்னு ஊத்துச்சு, தரையில வுட மனசில்லாம நான் என் முந்தானைய ஏந்துனேன்.

"அக்கா, தெரியுதுக்கா"ன்னா திடீர்னு. "பச்சைப் படகு. பெருசா, நெசப் படகு அளவுக்கு. வெளிய போவுதுக்கா, என்னயத் தாண்டிப் போவுது. ஒன் புள்ள முன்னால நிக்கிறான். நம்ம பக்கம் பாக்குறான், மொகம் தெளிவாத் தெரியுது."

"என்னா பண்றாண்டி?"

"மொகத்தத் தொடைக்கிறான்."

"சிங்காரம்?"

"கிட்டக்க வந்துட்டாரு. கையை நீட்டித் தடவிக்கிட்டே, யாரது, யாரதுன்னு கேக்குறாரு"ன்னா. "நான்தான்னேன். கேட்டுச்சான்னு தெரியல." அப்புறம், "லைட்ட அணைச்சிட்டியாக்கா?"ன்னா. லைட்டு முன்னாலயே அணஞ்சுதான் இருந்துச்சு. சன்னல் வழியா பகல் வெளிச்சம் அவ மூஞ்சியில வுழுந்துக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் டாக்டரம்மா பாத்தாங்க. 'அழுத்தம் பன்னெண்டு. கருவிழிக்குப் பின்னாடி சுத்தமாக இருக்கிறது. பார்வை இல்லை'ன்னு எழுதுனாங்க. எழுதிட்டு அந்தப் பழைய அட்டைய எடுத்து, நர்ஸு சேத்து எழுதுன அந்த வார்த்தைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. திருத்தப் போறாங்கன்னு நெனச்சேன். திருத்தல. அப்படியே குடுத்துட்டாங்க.

பதினாறாம் நாள் சிங்காரத்துக்கும் வைக்கோல் பொம்மை கட்டுனாங்க, தலைவரே கட்டுனாரு. தையல்நாயகி தாலியக் கழட்டிக் குடுத்தா. ஊர்ல இப்ப எல்லாரும் வெங்காயம் அரியுறாங்க, மொளகா வறுக்குறாங்க, மெஷின் பாதுகாப்புக் கட்டடத்துல சாக்குப் போத்திக் கெடக்கு. அவ இன்னும் சாயங்காலம் கரைக்கு வர்றா. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன், சாவுற வரைக்கும் கூட்டிட்டு வருவேன், நான் கேட்ட அந்த ஒருதடவதான அவ கண்ணத் தின்னுச்சு. அவ அத ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல. சொல்லிக் காட்டுனா நல்லாருக்கும்.

மனோகரன் சின்னதுல இருந்தே அப்படித்தான், கடல்ல இருந்து வந்ததும் துண்டு குடுத்தா வாங்கமாட்டான், நேரா அடுப்படிக்கு வந்து என் முந்தானைய இழுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டுத்தான் சோறு கேப்பான். அன்னைக்கு அவ கண்ணுக்குக் கீழ ஏந்துன முந்தானை மறுநாள் காஞ்சுச்சு. காஞ்ச எடத்துல உப்புப் பூத்திருக்கு, மோந்து பாத்தா டீசல் வாசம், அதுக்கடியில என் புள்ளையோட வேர்வை வாசம். அந்தச் சேலைய நான் இன்னும் தொவைக்கல.